செங்கோட்டை ஆவுடையக்காள்: பெண்கள் பாடிக் காத்த வேதாந்தம்

செங்கோட்டை ஆவுடையக்காள் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் நெல்லைச் சீமையின் மேற்கு ஓரத்தில் வாழ்ந்தவர். பாட்டைத் தாமே கட்டித் தாமே பாடிய வேதாந்தி. கும்மி, அம்மானை, பள்ளு, தாலாட்டு, கண்ணி, கீர்த்தனை என்று சாதாரண மக்கள் அறிந்த வடிவங்களில் அத்வைதத்தைப் பாடினார். அந்தப் பாட்டுகளை அரசவையோ கோயில் கட்டளையோ காப்பாற்றித் தரவில்லை. தாமிரபரணி, சிற்றாறு கரைகளில் இருந்த அக்கிரகாரத்துப் பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்து மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் சிறு வயதிலேயே கணவனை இழந்தவர்கள். இன்று அக்காளின் பாடல்கள் புத்தகமாகக் கையில் கிடைக்கின்றன என்றால் அதற்கு அந்தப் பெண்களே காரணம். ஒரு பாடகியின் பாட்டைக் கேட்டவர்களே இத்தனை தலைமுறை, வேறு யார் துணையும் இல்லாமல், சுமந்து வந்ததற்குத் தமிழில் இன்னொரு உதாரணம் தேடினால் எளிதில் அகப்படாது.

அவர் பிறந்த செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாயின் தமிழ்ப்பக்க வாசலில் இருக்கும் ஊர். நெடுங்காலம் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்து திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. குற்றாலம் கூப்பிடு தூரம். குற்றாலத்து அருவி நீரைக் கொண்டு ஓடும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்த ஆற்று வழியிலும், தாமிரபரணியின் மேல்கரையிலும் ஆய்க்குடி, கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று அக்கிரகாரங்கள் இருந்தன. இந்த ஊர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது வழக்கம். சீர்வரிசைப் பாத்திரங்களோடு பாட்டும் போனது. ஓர் ஊர்ப் பாட்டு அடுத்த ஊருக்குப் போக வேறு வாகனம் தேவைப்படவில்லை.

அக்காளின் வாழ்க்கை வாய்மொழியாகவே வந்திருக்கிறது. அந்த வரலாறு சொல்வது இது: சிறுமியாக இருக்கும்போதே மணமாகி, விவரம் தெரியும் முன்பே கைம்பெண் ஆனார். வீட்டோடு முடங்கிக் கிடந்த பெண்ணுக்கு, செங்கோட்டை வந்த ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாள் உபதேசம் செய்தார். கும்பகோணத்துக்கு அருகே திருவிசநல்லூரில் வாழ்ந்த அய்யாவாள் அந்தக் காலத்துப் பெரும் பண்டிதர். தஞ்சை மராட்டிய மன்னர் சகஜி 1693-இல் அறிஞர்களுக்கு மானியமாக எழுதி வைத்த ஊர் அது. அய்யாவாள் வீட்டுக் கிணற்றில் கங்கை பொங்கியதாகச் சொல்லி இன்றும் கார்த்திகை அமாவாசையன்று அங்கே கூட்டம் கூட்டமாக நீராடுகிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு விதவைப் பெண்ணுக்குக் குருவானதை ஊர் பொறுக்கவில்லை. அக்காள் சாதி விலக்குக்கு ஆளானார். ஊர் ஊராகத் திரிந்து, பாடி, பின்னாளில் ஞானி என்று அதே சமூகத்தால் வணங்கப்பட்டார். ஓர் ஆடி அமாவாசையில் குற்றால அருவியில் நீராடிவிட்டுப் பொதிகை மலைமேல் ஏறிப் போனவர் திரும்பவில்லை என்று அந்த வரலாறு முடிகிறது. தம் குருவை வேங்கடேசர் என்று பெயர் சொல்லி அவர் பாட்டுக்குள்ளேயே வணங்குகிறார்.

அவருடைய முதல் ரசிகர்கள் யார் என்று பார்த்தால், பாட்டு ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது விளங்கும். வேதமும் உபநிடதமும் படிக்கப் பெண்ணுக்கு உரிமை இல்லை என்று அந்த வீடுகளில் விதி இருந்தது. திண்ணையில் ஆண்கள் பாடம் சொல்வதும் வேதச் சந்தை சொல்வதும் உள்ளே காதில் விழும்; அதற்குமேல் வழியில்லை. பாட்டுக்கு மட்டும் தடையில்லை. கல்யாணத்தில் நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும், சீமந்தத்தில் லாலியும், வெள்ளிக்கிழமைகளில் லலிதாம்பாள் சோபனமும் பெண்கள்தாம் பாட வேண்டும். அக்காள் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டார். 'ஸ்ரீவித்யை சோபனம்', 'வேதாந்தக் கும்மி', 'வேதாந்த அம்மானை', 'ஞானத் தாலாட்டு' என்ற தலைப்புகளைப் பாருங்கள்: முதல் பாதி திண்ணைக்கு உரியது, பின்பாதி அடுக்களைக்கும் முற்றத்துக்கும் உரியது. பகவத்கீதையின் சாரத்தையும் அவர் பாட்டாக்கிக் கொடுத்தார். சமஸ்கிருதம் தெரியாத பெண் ஒருத்தி கயிற்றைப் பாம்பென்று மயங்கும் உவமையையும், கானல் நீரையும், கனவையும் நனவையும் பற்றிய வாதங்களையும் மாவரைத்துக்கொண்டே கற்றுக்கொள்ள முடிந்தது.

அவர் கையாண்ட வடிவங்கள் அவர் வாழ்ந்த மண்ணில் அப்போது செழித்திருந்தவை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சி சில கல் தொலைவில் அரங்கேறியது. மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார், அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயரும் வந்தது. சிற்றாறு தாமிரபரணியில் சேரும் சீவலப்பேரிப் பக்கம்தான் முக்கூடற்பள்ளு பாடும் ஊர். அக்காளும் 'ஞானக் குறவஞ்சி' பாடினார், 'வேதாந்தப் பள்ளு' பாடினார். குறத்தி குறி சொல்வதும், பள்ளன் வயலில் இறங்குவதும், கப்பல் கடலில் போவதும் அவர் கையில் ஆன்மாவின் கதை ஆகின்றன. வீட்டுச் சுவரில் பல்லி சொல்வதும் வண்டு ரீங்காரமிடுவதும்கூட அவருக்குப் பாட்டுப் பொருள். கவிராயரின் குறவஞ்சி மானியம் பெற்றது, ஏட்டில் ஏறியது, 1944-இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரத்தில் நாட்டிய நாடகமாக மேடை கண்டது. அக்காளின் குறவஞ்சி நெடுநாள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

'சூடாலைக் கும்மி'யைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். யோக வாசிட்டத்தில் வரும் கதை இது. சிகித்துவசன் என்ற அரசனும் அவன் மனைவி சூடாலையும் ஞானம் தேடுகிறார்கள். அரண்மனைக் காரியங்களைப் பார்த்தபடியே சூடாலை ஞானம் அடைந்துவிடுகிறாள். அதை அவள் சொன்னபோது அரசன் சிரிக்கிறான். பெண் சொல் அவனுக்கு ஏறவில்லை. ராஜ்யத்தை விட்டுக் காட்டுக்குப் போய்த் தவம் கிடக்கிறான். சூடாலை கும்பன் என்ற பிராமண இளைஞனாக வேடம் பூண்டு அங்கே போய் உபதேசிக்கிறாள். இப்போது அவன் பணிந்து கேட்டுத் தெளிகிறான். இந்தக் கதையைப் பெண்கள் வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து கைகொட்டிக் கும்மியடித்துப் பாடுவதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருத்திக்கும், தான் சொன்னால் எடுபடாத பேச்சு ஆண் குரலில் வந்தால் எடுபடும் என்பது தினப்படி அனுபவம். வடமொழியில் தத்துவ நூலாக இருந்த கதை, கும்மியில் அவர்கள் வீட்டுக் கதையாகிவிட்டது. அக்காளின் தேர்வில் தற்செயல் எதுவும் தெரியவில்லை. வாசிட்டத்தில் எத்தனையோ கதைகள் இருக்க, அவர் சூடாலையை எடுத்துக் கும்மிக்குக் கொடுத்தார்.

அவர் பாடல்களில் அதிகம் பேசப்படுவது 'பராபரக்கண்ணி'. தாயுமானவர் 389 கண்ணிகள் பாடிப் புகழ்பெறச் செய்த வடிவம். இரண்டு இரண்டு அடியாக வந்து ஒவ்வொன்றும் பராபரத்தை விளிப்பதில் முடியும். ஒவ்வொரு கண்ணியும் தனியே நிற்கும், எங்கிருந்தும் தொடங்கலாம், நாலு மறந்தாலும் ஐந்தாவது நினைவுக்கு வரும். மனப்பாடத்தை நம்பி வாழும் பாட்டுக்கு இதைவிடத் தோதான வடிவம் கிடையாது. இதில் அக்காள் எச்சிலையும் தீட்டையும் எடுத்துக்கொள்கிறார். மறையோர் முழுகி எழும் ஆற்று நீரே மீன் எச்சில் என்கிறார். வேதம் ஓதும் வாயும் எச்சில்தானே என்று கேட்கிறார். மாதத்தீட்டு திரண்டு உருவானதுதான் இந்த உடம்பு என்றால், தீட்டில்லாத உடம்பு யாருடையது என்பது அடுத்த கேள்வி. சிவவாக்கியரும் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார். ஆனால் சித்தர் வெளியே நின்று கேட்டார். அக்காள் மாதம் மூன்று நாள் மூலையில் உட்கார வைக்கப்படும் உடம்போடு, மங்கல காரியங்களில் எதிரே வரக்கூடாத விதவை உடம்போடு கேட்டார். தமிழில் இந்தக் கேள்விக்கு அவரளவு உரிமையுள்ள குரல் அதற்கு முன் வந்ததாகத் தெரியவில்லை.

இந்த வரிகளைப் பாடியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் சங்கடமான பகுதி. அவர்கள் மடி பார்த்தார்கள். நார்மடிப் புடவை உடுத்து, ஒரு வேளை உண்டு, எச்சில் பத்து தீட்டு எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் காத்தார்கள். மருமகள்களையும் காக்க வைத்தார்கள். அப்படியிருந்தும் எச்சில் என்று ஒன்றில்லை என்ற பாட்டையும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றினார்கள். இதை இரட்டை வேடம் என்று தள்ளுவது எளிது, ஆனால் அது நியாயம் ஆகாது. அவர்களுக்குச் சாப்பாடும் இருக்க இடமும் கொடுத்த குடும்பம் அந்த விதிகளின்மேல் நின்றது. விதியை மீறினால் போக்கிடம் கிடையாது. நடப்பில் மாற்ற முடியாததைப் பாட்டில் மறுத்துவைத்தார்கள். சொன்ன வார்த்தை ஒருநாள் யாருக்காவது உதவும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அல்லது பாடும் அந்த அரை மணி நேரம் மட்டும் போதும் என்றும் இருந்திருக்கலாம். எப்படியானாலும், பிடிக்காத வரிகளை விட்டுவிட்டுப் பக்திப் பகுதியை மட்டும் பாடியிருக்க அவர்களுக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. அப்படிச் செய்யவில்லை. தீட்டுக் கண்ணிகள் தப்பிப் பிழைத்ததே அவர்கள் செய்த தேர்வுக்குச் சாட்சி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதி இல்லை என்று பாடிய பாட்டு ஒரே சாதிப் பெண்களுக்குள் சுற்றி வந்தது. பள்ளு பாடினார் அக்காள். வயலில் நாற்று நட்ட பெண்களிடம் அந்தப் பள்ளு போய்ச் சேரவில்லை. தெருவைத் தாண்டிப் போக அந்தப் பாட்டைப் பாடியவர்களுக்கே அனுமதி இல்லாத காலம் அது என்பதும் உண்மை. அடுத்த தெருக்களில் வில்லடித்து அம்மன் கதை பாடிய மரபும் இந்தக் கும்மி மரபும் ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒன்றையொன்று கேளாமல் வாழ்ந்தன.

எழுத்தறிவு வந்தபின் பாட்டு நோட்டுக்கு ஏறியது. நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பாட்டிமார் வைத்திருந்த பாட்டு நோட்டில் எல்லாம் கலந்திருக்கும்: கௌரி கல்யாணம், நலங்கு, யாருக்கோ கொடுத்த பால் கணக்கு, நடுவே அக்காளின் கண்ணி. அதில் இருப்பது சொல் மட்டும். சுரம் எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மெட்டு, பாடுகிறவர் தொண்டையில் இருந்தது. இதே நெல்லைச் சீமையில், எட்டயபுரத்தில், முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுர தாளக் குறிப்போடு சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யாக 1904-இல் அச்சிட்டார். அதற்குச் சமஸ்தானத்தின் பணமும் அச்சகமும் பின்னால் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓர் இசைக்கலைஞரின் புகழ் எதைப் பொறுத்து நிற்கிறது என்பது தெரியும். தீட்சிதரின் கமகம்வரை நமக்குக் கிடைத்தது. அக்காளின் பல கீர்த்தனைகளை அவர் எப்படிப் பாடினார் என்று கேட்டால், பதில் சொல்லக் காகிதம் இல்லை.

சிதறிக் கிடந்தவற்றைச் சேர்த்தவர்களில் இருவர் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரி பெண்களிடமிருந்து பாடல்களைத் திரட்டினார். கோமதி ராஜாங்கம் 1950-களில் அக்காளின் வரலாற்றையும் பாடல்களையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். பெண்கள் வாயில் இருந்ததை ஒரு பெண்ணே எழுதி வெளியிட்டது பொருத்தம்தான். பின்பு 2002-இல் திருக்கோவிலூர் தபோவனத்து ஞானானந்த நிகேதன் பாடல் திரட்டை ஒரே நூலாக வெளியிட்டது. அதுவரை ஒரு வட்டாரத்தின் வீட்டுச் சொத்தாக இருந்தவர், அந்த நூலுக்குப்பின் தமிழ் வாசகர்களுக்குப் பொதுவானார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த காஞ்சனா நடராஜன் 2012-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு விரிவான ஆய்வு நூலைக் கொண்டுவந்தார். பெண்ணியப் பதிப்பகமான ஜுபான் அதை வெளியிட்டது. ஓர் ஆசிரமமும் ஒரு பெண்ணியப் பதிப்பகமும் பத்தாண்டு இடைவெளியில் ஒரே பாடகியை வெளியிடுவது அபூர்வம். ஆசிரமத்து வாசகர் அவரிடம் பிரம்ம ஞானத்தைத் தேடுகிறார். ஆய்வாளர் அவரிடம் எதிர்ப்பைத் தேடுகிறார். அக்காளின் பாட்டில் இவை பிரிந்து இல்லை: எல்லாம் ஒன்றே என்ற அத்வைதத்தை அவர் கடைசிவரை நம்பியதால்தான் தீட்டு என்பது பொய் என்று சொல்ல முடிந்தது. கொள்கையை ஏட்டோடு நிறுத்திக்கொண்ட பண்டிதர்களைப் 'பண்டிதன் கவி'யில் அவர் விடவில்லை.

அவருடைய தாக்கத்தைப் பற்றிப் பேசும்போது பாரதியின் பெயர் வராமல் இருக்காது. எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்து, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் 1918 இறுதி முதல் 1920 வரை இருந்தவர் பாரதி. அக்காளின் பாட்டு ஒலித்த வீடுகள் அவருடைய உறவினர் வீடுகள். பெண் விடுதலையைக் கும்மியாகப் பாடலாம் என்று அவருக்குத் தோன்றியதும், வேதாந்தத்தைப் பேச்சுத் தமிழில் துள்ளலோடு சொன்னதும் அந்த மரபோடு ஒட்டியவை. அக்காளைப் பாரதியின் முன்னோடி என்று அழைப்பவர்கள் இந்த ஒற்றுமையைத்தான் காட்டுகிறார்கள். வரிக்கு வரி கடன் என்று வாதிடுவதைவிட, இருவரும் ஒரே பெண்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்த சீமைக்காரர்கள் என்று சொல்வது உறுதியானது. பாண்டிநாட்டில் இந்த வகைப் பாட்டு எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு ரமண மகரிஷியின் 'அப்பளப் பாட்டு' நல்ல சான்று. தாய் அழகம்மை அப்பளம் இட ஒத்தாசைக்குக் கூப்பிட்டபோது, உளுந்து அரைப்பது முதல் பொரித்து எடுப்பதுவரை ஒவ்வொரு வேலையையும் ஞானத்தின் படியாக்கி மகன் பாட்டு எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குப் புரியும் வேதாந்தம் எந்த வடிவத்தில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தெலுங்கில் அக்காளுக்கு ஒரு தங்கை உண்டு என்றே சொல்லலாம். தரிகொண்ட வெங்கமாம்பா, 1730 முதல் 1817 வரை வாழ்ந்தவர். அவரும் சிறு வயதில் விதவையானவர், தலை மழிக்க மறுத்தவர், யட்சகானமும் வாசிட்ட இராமாயணமும் பாடியவர். ஊரார் துரத்தினார்கள், திருமலைக்குப் போனார். அங்கே கோயில் அவரை ஏற்றுக்கொண்டது. இன்றும் திருமலையில் இரவு ஏகாந்த சேவையில் அவர் பெயரால் முத்தியால ஆரத்தி நடக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் உணவருந்தும் அன்னதானக் கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2009-இல் மீனா நடித்துத் திரைப்படமும் வந்தது. துயரமும் துணிவும் ஒன்றாக இருந்த இரு பெண்களில் ஒருவருக்கு ஒரு பெரிய கோயில் கிடைத்தது. மற்றவருக்குப் பாட்டிமாரின் நோட்டுகள் கிடைத்தன. தமிழ்ப் பாடநூல்களில் பெண் கவிகள் என்றால் ஔவை, காரைக்காலம்மையார், ஆண்டாள் என்று வரிசை போய் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் ஆயிரம் ஆண்டுகள் பெண்கள் பாடவே இல்லை என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிகிறது. ஆவுடையக்காளின் பெயர் அந்த வரிசையில் ஏற வேண்டியது மரியாதைக்காக மட்டுமல்ல, வரலாறு சரியாக இருப்பதற்காகவும்தான்.

சொல் கைக்கு வந்துவிட்டது. மெட்டில்தான் வேலை பாக்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே நிலைமை இல்லை. கும்மியும் லாலியும் ஊஞ்சலும் அளவுக்கும் தாளத்துக்கும் கட்டுப்பட்டவை. அந்த வகைப் பாட்டு ஒன்று தெரிந்த யாரும் அக்காளின் கும்மியை இன்றே எடுத்துப் பாடிவிடலாம். கண்ணிகளும் அப்படித்தான். அவர் பாட்டின் பெரும்பகுதி இந்த வகைதான் என்பது ஆறுதல். கீர்த்தனைகளுக்கு மட்டும், பாடக் கேட்டவர்களிடமிருந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். செங்கோட்டை, கல்லிடைக்குறிச்சிக் குடும்பங்கள் சென்னைக்கும் மும்பைக்கும் குடிபெயர்ந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பாட்டியிடம் கேட்டுப் பழகியவர்கள் இப்போது தாங்களே பாட்டி வயதில் இருக்கிறார்கள். முழுப்பாட்டு வராவிட்டாலும் பல்லவி ஒன்று, சரணத்தில் ஒரு திருப்பம் என்று துண்டு துண்டாக நினைவிருக்கும். நெல்லையில் நாட்டார் வழக்காற்றியல் துறை நடத்திய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி போன்ற இடங்கள் வில்லுப்பாட்டையும் கதைப்பாடலையும் ஒலிப்பதிவு செய்யப் பழகியவை. அதே முறை இங்கும் செல்லும். ஒரு கைப்பேசியும், பாடுகிறவரை அவசரப்படுத்தாத ஒரு பேத்தியும் இருந்தாலே தொடங்கிவிடலாம்.